ஏறாமல் திரும்பிய சிந்துஜா

அடி அண்ணாமலையிலிருந்து விமானம் ஓட்டப் படிக்கப் போன ஒரே ஆள் எங்கள் தெரு சிந்துஜாதான். அவள் அம்மா திரௌபதி அக்கா கிரிவலப் பாதையில் பூ விற்கிறவர். "பூக்காரி மவளுக்கு ஏரோபிளேன் கேக்குதா" என்று என் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தவர்களை ஒருவர் விடாமல் எனக்குத் தெரியும். இன்று அவள் தனியாகப் பறக்கிறாள். அது எப்படி என்று அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா கட்டிய சாமந்தி மாலையை, வெளியூரில் இருக்கும் பயிற்சிப் பள்ளிக்குச் சிந்துஜா கொண்டு போனாள். பயிற்சியாளர் பிரகாஷ் அதைச் சின்ன விமானத்தின் மூக்கில் கட்டினார். போட்டோவில் அழகாக விழ வேண்டுமாம். தொங்கிய நுனியை எஞ்சினுக்குக் காற்றுப் போகும் துவாரத்துக்குள் செருகிவிட்டார். லாரிக்கும் டிராக்டருக்கும் மாலை போட்டுப் பழகியவர்கள் நாம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவளுக்குச் சோதனை. முன்பே ஒரு முறை தேறவில்லை. இந்த முறையும் தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். மாலையை இழுத்தபோது நார் பாதியில் அறுந்தது. துவாரத்தில் எட்டிப் பார்த்தாள்; ஒன்றும் தெரியவில்லை. "லேட்டாவுது, ஏறும்மா" என்றார் பிரகாஷ். ஏறிவிட்டாள்; சோதித்து மார்க் போட பிரகாஷும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

விமானம் மேலே ஏறும்போதுதான் எஞ்சினுக்கு வேலை ஜாஸ்தி. வேகம் கம்மி என்பதால் அதைக் குளிர்விக்கும் காற்றும் கம்மி. இரண்டாயிரம் அடியில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. சிந்துஜா விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினாள்.

"ஏன் ஏறல? அஞ்சாயிரம் போவணும்" என்றார் பிரகாஷ்.

"சூடு ஜாஸ்தியா இருக்கு சார்."

"இந்த மெஷின் எப்பவும் அப்படித்தான் காட்டும். ஏறு."

முள் இறங்கவில்லை. வெயிலில் கூடையோடு நிற்கும் அம்மாவின் முகம் ஒரு முறை வந்து போனது. எஞ்சின் விசையைக் குறைத்தாள்.

"காத்து குடுத்தும் இறங்கலன்னா உள்ள என்னமோ இருக்கு சார். நான் ஏற மாட்டேன், திரும்புறேன்."

"அப்ப ஃபெயில்னு போடட்டுமா?"

"போட்டுக்குங்க."

பிரகாஷ் அப்போதே தாளில் ஏதோ எழுதினார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடுபாதையைப் பார்த்து இறக்கினாள்.

மெக்கானிக் வேடியப்பன் எஞ்சின் மூடியைக் கழற்றிக் கையை விட்டார். காற்றுப் போகும் வழியை அடைத்துக்கொண்டு, கருகிய நாரும் ஒரு பிடி சாமந்தியும்.

"சரி, பாஸ் போட்டுடறேன்" என்றார் பிரகாஷ், குரலை இறக்கி. "இத வெளிய சொல்ல வேணாம்."

சிந்துஜா அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். 'பயந்து திரும்பினார்' என்று இருந்தது. அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"கைய உள்ள விட்டுப் பாக்காதது என் தப்பு சார், அத எழுதுங்க. மாலைய உள்ள செருகினது நீங்க, அதையும் எழுதுங்க. பயந்தேன்னு எழுதியிருக்கீங்களே, அத மொதல்ல அடிங்க. பாஸா ஃபெயிலான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

வேடியப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து பிரகாஷிடம் நீட்டினார்.