சுவரைத் தேய்க்கும் முன்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லாரும் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் எங்கள் வீட்டுச் சுவர் கெட்டுப்போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. காஜா பெராங் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உள்ளறைச் சுவர் ஈரத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுகிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே கலவை குழைத்துப் பூசினார். பூச்சு சற்று இறுகும் நேரம் பார்த்துப் பலகையால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இவர் அந்த நேரம் பார்த்து, குடியுரிமை யார் யாருக்குக் கிடைக்கும் என்று பேச ஜாலான் பெண்டஹாரா தெருக் காப்பிக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் பூச்சு கல்லாகிவிட்டது. பலாப்பழத் தோல் மாதிரி ஒரே சொரசொரப்பு. கை பட்டால் சிராய்த்தது.

"அடுத்த ஞாயிறு தேச்சிடுவேன். இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

நான் முழுகாமல் இருக்கிறேன் என்பது அந்த வாரம்தான் எனக்கு நிச்சயமானது. அவரிடம் சொல்லவில்லை. முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டதை நினைத்து, இந்த முறை வாயே திறப்பதில்லை என்று இருந்தேன். வாளியைத் தூக்கினால் பயம், படி இறங்கினால் பயம்.

ஞாயிறு வந்தது. சுவருக்குத் தண்ணீர் தெளித்து, செங்கல் துண்டால் தேய்க்க ஆரம்பித்தார். வீடு முழுக்கக் கரகரவென்று சத்தம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் ஓடி, வேலியைப் பிடித்தபடி வாந்தி எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்து தமிழை மறந்துவிட்ட செட்டிகளின் குடியிருப்பு. அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டார். அவர் நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது. எங்கள் பேச்சு எப்போதும் மலாய் மொழியில்தான். என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு சத்தம் வரும் பக்கம் திரும்பினார். முகம் மாறிவிட்டது.

"யார் சுவரைச் சுரண்டுவது?"

"வீட்டுக்காரர்."

"பந்தாங், தங்கச்சி. விலக்கு, செய்யவே கூடாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அப்பன் சுரண்டினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அந்தக் கரகர சத்தம் என் அடிவயிற்றிலேயே கேட்டது.

உள்ளே ஓடி, "நிறுத்துங்க" என்றேன்.

"பாதி சுவர தேச்சிட்டு எப்படி நிறுத்துறது?"

சொல்லாமல் முடியவில்லை. பிள்ளை உண்டானதைச் சொன்னேன், அக்கா சொன்னதையும் சொன்னேன். சாமி படத்துக்குக் கைகூப்பவே யோசிக்கிற மனிதர், என்னைக் கிண்டல் பண்ணப்போகிறார் என்று நின்றேன். அவர் செங்கல்லைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். "ரொம்ப தேச்சிட்டேனா?" என்று கேட்டார். அவர் சிரித்து என் பயத்தைத் தட்டிவிடுவார் என்று உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறேன். அவரும் பயந்ததும் எனக்குப் பிடிமானமே போய்விட்டது.

மறுபடி வேலிக்கு ஓடினேன். வேலையைப் பாதியில் விடுவதும் பந்தாங், பிரசவம் பாதியில் நின்றுவிடும் என்றார் அக்கா. தொடர்ந்தால் உதடு, விட்டால் உயிர். நான் அழ ஆரம்பித்ததும்தான் ஒரு வழி சொன்னார். "கை வைக்கும்போதெல்லாம் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். பிள்ளை திடுக்கிட்டால்தான் கெடுதல்."

அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் என்னைப் பக்கத்தில் ஒரு பாயில் உட்காரவைத்தார். "அப்பா சுவர தேய்க்கிறேன், கண்ணு. பயப்படாத" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். முதலில் வெட்கப்பட்டுச் சுவரிடம் சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். கிழிந்த கொசுவலையில் மணலைச் சலித்து, சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்த்து, ஈரச் சுவரில் மெல்லிசாக இன்னொரு பூச்சு பூசினார். இந்த முறை காப்பிக்கடைக்குப் போகவில்லை. சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்து, பதம் பார்த்துத் தேய்த்தார். சுவர் முட்டை ஓடு மாதிரி ஆனது. மூலையில் மட்டும் ஓர் இடத்தில், பிள்ளையிடம் சொன்னோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, கையை எடுத்துவிட்டார். அந்த இடம் சொரசொரப்பாகவே நின்றது. பிரசவம் வரை தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் உதட்டைத் தொட்டுக்கொள்வேன்.

அதன் பிறகு அவர் சொல்லாமல் எதையும் செய்யவில்லை. "அப்பா விறகு பிளக்கிறேன், கண்ணு. பயப்படாத." கத்தி தீட்டினாலும் அதே பாட்டு. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி ஆணா பெண்ணா என்று சொல்ல வந்தார். "முதல்ல உதட்ட காட்டுங்க" என்றேன். காட்டினார். முழு உதடு. வாயைத் திறந்து வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தது என் மகள். யார் தூக்கியும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் உள்ளே வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அப்பா வந்திருக்கேன், கண்ணு. பயப்படாத" என்றார்.

அழுகை சட்டென்று நின்றது. அவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். அத்தனை மாதமும் அடக்கிவைத்திருந்ததை நான் அப்போதுதான் அழுது தீர்த்தேன்.