கடப்பாரையுடன் நிற்பவர்

தங்கவயல் மாரிகுப்பத்தில், கைவிடப்பட்ட ஒரு சுரங்க ஷாஃப்ட் அருகே அவரைச் சந்தித்தேன். பழைய சுரங்கத் தொழிலாளி. ஒடிசலான உடம்பு, சாயம் போன காக்கிச் சட்டை, கையில் கடப்பாரை. தரையைத் தட்டிச் சத்தம் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டார்.

அதற்கு முதல் நாள் அங்கே காலடி மண் சரிந்தபோது என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவர் அவர்தான். தங்கவயல் நினைவுகளைச் சேர்க்கும் இணையதளம் ஒன்றின் வரைபடத்தில் ஊர்க்காரர் யாரும் இடம் குறிக்கலாம். அதிலிருந்த புள்ளியை நம்பித்தான் அவள் படமெடுக்கப் போயிருந்தாள்.

நன்றி சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

“இங்க அடியில காலியா கெடக்குது, அந்தப் புள்ளிய எடுங்கன்னு சைட்டுக்காரங்களுக்குப் பத்து வாட்டி எழுதிட்டேம்மா. ஆதாரம் குடுன்றாங்க. ஷிப்டு ஷிப்டா எறங்கி வெட்டினவன் நான். இன்னா ஆதாரம், உள்ள வுழுந்து காட்டணுமா?”

“யாரோ தெரியாம வெச்சிருப்பாங்க...”

“வெச்சவன் என் கையில கெடைக்கட்டும்.” கடப்பாரையால் குத்தினார். கீழே டொம்மென்று கேட்டது.

வைத்தவள் நான். அப்பா வேலை செய்த இடமென்று, வீட்டில் உட்கார்ந்தபடி குத்துமதிப்பாக வைத்தேன். அடுத்த நிமிடமே இணையதளத்தார் ஏற்றுக்கொண்டார்கள். அவரிடம் வாய் திறக்கவில்லை.

அன்றே அதை நீக்கச் சொல்லி எழுதினேன். இப்போது என்னிடமும் ஆதாரம் கேட்கிறார்கள். வைக்கும்போது யாரும் கேட்கவில்லை.

அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.