மணல் நிறச் சுவரும் பச்சைச் சேட்டும்

சுவர் கண்ணைக் குத்தக்கூடாதாம். என் மகளின் சட்டம் அது. கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலொன்றில் அறைகளுக்குச் சாமான் தெரிவுசெய்வது அவள் வேலை. வெள்ளைக்காரர் வந்து படுக்கும் அந்த அறைகளைப் போலவே, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து நாங்கள் நுரைச்சோலையில் கட்டிய வீட்டின் முன்னறையையும் ஆக்கிப்போட்டாள். சுவருக்கு மணல் நிறம், சன்னலுக்குச் சாயம் போடாத பருத்தித் துணி, கதிரைக்குக் கீழே சணல் பாய். வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. வெறும் சுவரில் என்ன மாட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி.

முதலில் பனையோலையில் பின்னிய தட்டுகளைக் கொண்டுவந்தாள்.

“சுளகையோ சுவரில கொழுவப் போறாய்? பிறகு நான் அரிசி புடைக்கிறது எதில?” என்றேன். சிரித்தாள்.

அடுத்தது, மங்கிய நிறத்தில் அமைதியான கடல் படமொன்று.

“உந்தக் கடலை வீட்டுக்குள்ள கொண்டு வராதை,” என்றேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கடலில் மீன்பிடிக்கப் போன அவள் தகப்பன் வருடக்கணக்காகத் திரும்பி வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. காற்று இழுத்துக்கொண்டு போய், எந்த நாட்டுக்காரர் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்களோ என்று நான் காத்திருக்கிறேன். பொட்டை அழிக்கவில்லை. அவருடைய படத்தையும் சுவரில் மாட்டவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒருவரின் படம் தனியாகச் சுவரில் ஏறினால், பின்னால் மாலையும் சின்ன மின்குமிழும் வந்துவிடும்.

போன மாதம் ஒருநாள் வேலையால் வந்தவள், எதையோ சுவரில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முரட்டுத் துணியில் அச்சடித்த அவருடைய முகம். கலியாண வீடொன்றில் பச்சைச் சேட்டு போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்து நின்றபோது எடுத்த படம். சுவரோடு ஒத்துப்போக வேண்டுமென்று நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டிருந்தாள். பச்சைச் சேட்டு சாம்பல் நிறமாகிக் கிடந்தது. மரண அறிவித்தலில் போடுகிற படம் மாதிரியே இருந்தது.

“கொப்பர் செத்துப்போனாரெண்டு ஆரடி உனக்குச் சொன்னது? கழட்டடி அதை!”

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அப்படியே சணல் பாயில் குந்திவிட்டாள்.

“ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. நீங்கள் காத்துக்கொண்டு இருக்கிறியள். நான் எங்க போய் அழுறது? எனக்கு அழ ஒரு இடமும் இல்லையே.”

ஐயோ! இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை என் பொட்டுக்குப் பயந்து அழாமல் இருந்திருக்கிறாள்.

படத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலை மட்டும் போடக்கூடாது என்றேன்.

“ஓம் அம்மா,” என்றாள்.

இப்போது காலையில் வேலைக்குப் போகமுன் அதன் முன்னால் நின்று அழுதுவிட்டுப் போகிறாள். அவள் கேற்றைச் சாத்தும்வரை நான் குசினியை விட்டு வெளியே வருவதில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, அந்தப் பச்சைச் சேட்டை எடுத்து உதறி, திரும்ப மடித்து வைக்கிறேன். வந்தால் மாற்றிப் போட அவருக்கு ஒன்று வேண்டுமே.