பச்சை அடித்த சுவர்

பச்சை என்று முடிவு செய்தது நான்தான். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே கான்கிரீட். அதே இடத்தில் முன்பு என் மாமியாரின் கூரைக் குடிசை இருந்தது. வீடு முடிகிற வரை பக்கத்து வீட்டுச் சார்ப்பில் படுத்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை விடியலில் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும். வெளிச்சுவருக்கு வெறும் சுண்ணாம்பு போதும், உள்ளே மட்டும் கலர் கலந்து அடிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன கலருங்க?"

"வீட்டுக்குள்ள பொழங்கப்போறது நீ. நீயே பாத்து வாங்கு."

எனக்குக் கடையில் வாய் திறந்து பேச வராது. சுண்ணாம்புக் கடைக்காரர் கலர்ப் பொடிகளை வரிசையாகத் திறந்து வைத்து, "எதும்மா வேணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் விரலை மட்டும் நீட்டினேன். ஆனால் ஏதோ ஒன்றை நீட்டவில்லை. நான் பிறந்தது மேற்கே, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்கால் முளைத்து நிற்கும்போது ஒரு இளம்பச்சை வருமே, அதை நினைத்துத்தான் நீட்டினேன். கீழத்தஞ்சைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, ஊர் ஞாபகம் வந்தால் அந்த நிறம்தான் முதலில் வரும்.

மறுநாள் அவரும் அத்தையும் அறுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று சுண்ணாம்பு அடிக்கிற மட்டையும் வாளியுமாக நான் தனியாக இறங்கினேன். ஒரு சுவர் முழுக்க அடித்து, அடுத்ததில் பாதி வந்திருந்தேன். உச்சிவெயிலில் அத்தை வந்து வாசலில் நின்றார்.

"யாரு அடிச்சது?"

"நான்தாங்க அத்தை."

"யாரு சொல்லி?"

நான் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஏண்டி, இம்மாம் பெரிய கடையில பச்சையத் தவிர வேற ஒன்னும் விக்கலியா? இதுக்குள்ள நான் கால வைக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பாலக் காய்ச்சிக் குடிங்க. நான் சார்ப்புலயே கெடந்துட்டுப் போறேன்."

வாசலுக்கு எதிரே மிச்சமிருந்த செங்கல் குவியலில் போய் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த அரிவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை. பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நாந்தான் ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் மெதுவாக.

அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது கூலிச் சண்டை நடந்திருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்குச் செங்கொடி. மிராசுதார்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்குப் பச்சைக்கொடி. செங்கொடியை இறக்கிவிட்டுப் பச்சைக்கொடியைக் கட்டினால்தான் வேலை என்று ஆள் அனுப்பினார்களாம். அத்தை கட்டவில்லை. ஒருநாள் வந்து கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இதே மனையில்தான். பட்டா எல்லாம் பிறகு வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் இதெல்லாம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தம்மா தன் வீட்டுக்குள் வராமலே போய்விட்டால் அது என்னால்தானே. அதுவரை அவர் கூப்பிடாமல் அவர் முன்னால் போய் நின்றதில்லை. அன்றைக்குப் போய் நின்றேன்.

"அழிச்சிடறேங்க அத்தை."

"அழிக்கிறது கெடக்கட்டும். எதுக்குப் பச்சைய வாங்குன? அதச் சொல்லு."

"நாத்தாங்கால் மாதிரி இருக்கும்னு..."

அரிவாளைச் செங்கல் மேல் வைத்தார். பிறகு, "அடிப் பாவி மவளே!" என்றார். "பொழுதன்னைக்கும் நாத்துக்குள்ளதான் குனிஞ்சு கெடக்கேன். வீட்டுக்கு வந்தாவது நிமுந்து ஒக்காரலாம்னு பாத்தா, சொவத்துலயும் நாத்த நட்டு வச்சிருக்கா! நாளைக்குக் களை எடுக்கச் சொல்லுவ போலருக்கே!"

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அந்தத் தைரியத்தில், "அப்ப செவப்பாவே அடிச்சிருவோமாம்மா?" என்று கேட்டார்.

"கொடி வெளியில பறக்கட்டும்டா. உள்ள நான் தூங்கணும்."

"மஞ்ச?"

"காமால புடிச்சாப்ல இருக்கும்."

"நீலம்?"

"ஒங்கப்பன் வேட்டிக்கே நான் நீலம் போட்டதில்ல. சொவத்துக்குப் போடப்போறனா?"

அவரே எழுந்து போய், தரைக்கு வாங்கி மிஞ்சிய காவிப்பொடியை எடுத்து வந்தார். வெறும் சுண்ணாம்பு இருந்த வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். "இன்னும் போடும்மா" என்ற மகனை, "போதும்டா, கண்ணு கூசும்" என்று தள்ளினார். கலக்கக் கலக்க வெளிறிய ரோஸ் நிறம் வந்தது.

மட்டையை என் கையில் இருந்து வாங்கி, நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே உள்ளே கையை நீட்டி அடித்தார். கதவோரத்துப் பச்சை மங்கியது. அடுத்த இழுப்புக்குக் கை எட்டவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு அடுத்த காலையும் வைத்தார். நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பூச்சில் பச்சை அடங்கவில்லை. இரண்டாவது பூச்சை நாங்கள் அடித்துக்கொள்வதாகச் சொன்னோம். அத்தை அறுப்புக் களைப்பில் முந்தானையை உதறிச் சிவப்புத் தரையில் விரித்து அங்கேயே படுத்தார். அவர் படுத்திருந்த பக்கத்துச் சுவருக்கு நாங்கள் வந்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் சொட்டாமல், வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அந்தச் சுவரை முடித்தோம்.