ப்ளக்கைச் சுட வைத்த காலை

இன்றைக்குக் காலையில் மகன் ஊருக்குக் கிளம்பினான். புதுக் கார். பொத்தானை அமுக்கினான், சத்தமே இல்லை. மிளகுப் பையை எடுக்க நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் வளைவைத் தாண்டிவிட்டான். பையோடு நின்றேன். பெட்ரோல் வாடைகூட மிச்சமில்லை.

அந்த வாடை எனக்குப் பழக்கம். எங்க ஊட்டுக்காரர் பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார், தொண்ணூற்றெட்டிலோ என்னவோ. கொல்லிமலைக் குளிர் அதுக்கு ஆகவே ஆகாது. சாயந்தரமே முன்பக்கத்துக்குச் சாக்குப் போர்த்திவிடுவார். எனக்குப் போர்வை பத்தாத நாளிலும் அதுக்குப் பத்தியது, போகட்டும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் அடுப்படியில் இருந்தபடியே அதன் சீக்கைச் சொல்லிவிடுவேன். 'டொக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் பேட்டரி. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, வாடையும் இல்லையென்றால் பெட்ரோல் ஏறவில்லை. வாடை மூக்கைத் துளைத்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது, தீப்பொறி போடுகிற ப்ளக் நனைந்திருக்கும்.

மகன் முதல்முதலாக ஓசூருக்கு வேலைக்குக் கிளம்பிய காலை. செம்மேட்டில் பஸ் பிடிக்க வேண்டும். இவர் அவசரத்தில், குளிருக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, மிதி மிதியென்று மிதித்தார். வண்டி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வாசல்வரை பெட்ரோல் வாடை. எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து ஊட்டு லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். "பேட்டரி போச்சுங்க. நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"நாளன்னைக்குத்தானேம்மா சேரணும். நாளைக்கே போறேன்," என்று மகன் பெட்டியை உள்ளே வைத்தான். இன்னொரு முழு நாள்! மத்தியானத்துக்குக் கோழி அடிக்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

அந்த டிரைவர் பேசாமல் போயிருக்கலாம். "ஏனுங்க, அக்கா மூக்கப் பாருங்க. மோந்தே மெக்கானிக் ஆயிருவாங்களாட்ட இருக்குது!" என்றார். இவரும் சேர்ந்து சிரித்தார்.

என் திமிர் சும்மா இருக்குமா? "பேட்டரி போனா இந்தச் சுத்துச் சுத்துமா? ப்ளக்கக் கழட்டிக் கொண்டாங்க," என்றேன். மூன்று ப்ளக்கையும் துடைத்து, தணல் ஓரமாக வைத்துச் சுட வைத்தேன். சோக்கை உள்ளே தள்ளச் சொன்னேன். மாட்டித் திருப்பியதும் இரண்டு இருமல், கொஞ்சம் புகை, கிளம்பிவிட்டது. டிரைவர் தலையைச் சொறிந்தார். நான் நிமிர்ந்து நின்றேன், மகன் பெட்டியை வெளியே தூக்கிவரும்வரைக்கும்.

இப்போது ஊட்டுக்காரர் இல்லை. கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. முன்னெல்லாம் கிளம்புகிறவர்கள் கால் மணி நேரமாவது வாசலில் நிற்பார்கள். வண்டி இருமிக்கொண்டு கிடக்கும், நான் இன்னொரு டம்ளர் காப்பி கொடுப்பேன். இப்போதைய வண்டிகளுக்குக் குளிரே தெரிவதில்லை.

மிளகை மறுபடி டப்பாவில் கொட்டினேன்.