வழக்கிலிருந்து விலகியவர்

அவர் எங்கள் தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்து, பிறகு நீதித்துறைக்குப் போய், உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஓய்வு பெற்றவர். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. யாரைக் கண்டாலும் முந்திக்கொண்டு கும்பிடும் தேர்தல் காலப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை வெடித்து மகளைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பார்க்க அவர் விரும்பினார். சிவகாசி வக்கீலான நான் அழைத்துப் போனேன். அந்த விபத்து வழக்கு தன்னிடம் வந்தபோது, ஆலை முதலாளி பழைய நண்பர் என்பதால் அவர் விசாரிக்காமல் விலகிக்கொண்டார். வழக்கு இன்னும் முடியவில்லை.

"நேர்மையா விலகிட்டாகம்மா" என்று அந்தத் தாயிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் அவரையே பார்த்துக் கேட்டாள்: "ஓட்டுக் கேட்டு அந்த மொதலாளி கார்லதான வந்தீக. அன்னைக்கு வெலகலையே, ஐயா?"

அவர் முகம் கறுத்தது. "வெலகிருக்கணும் தாயி" என்றார் மெல்ல.

திரும்பும் வழியில், "இனிமே எங்கயும் என்னைய நேர்மைன்னு சொல்லாதீக" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. நீதிபதியாக அந்த வழக்கிலிருந்து விலகாமல் அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.