ஊளைக்கு நடுவே ஒரு மூச்சு

இதை நான் இட்டுக்கட்டவில்லை. என் பெரியம்மா மகன் எனக்கு எதிரே உட்கார்ந்து, கையில் இருந்த தேநீர் ஆடை கட்டும்வரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொன்னது. அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். கேட்டது பட்டப்பகலில். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் யாரோடும் வாய் திறந்து பேசவில்லை. ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே புரியும்.

அவரை வீட்டில் 'டவுட்டு' என்றுதான் கூப்பிடுவோம். பூட்டிய கதவைத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர். "கண்ணாடி முன்னாடி நின்னா, நீ யாருன்னு அதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தலை சீவுவாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்தும் வேலை. மாலையானால் கிடார். அப்படிப்பட்டவர் ஏமாந்து ஒரு பொருளை வாங்கினார் என்றால் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அவருக்கு ஒரே தங்கை. எங்களுக்குச் சின்னவள். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிவு செய்த குரல் வந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவன் விட்டுப் போய்விட்டான். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். குரலைத் தவிர அவளிடம் வேறு முதல் கிடையாது. அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டல் மேலாளர் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் மாலை நேரம் பாட வேண்டும். ஒரு வாரம் பாடிக் காட்டினால், பிடித்திருந்தால் வேலை நிரந்தரம்.

"சத்தம் மேசையில இருக்கிறவங்க பேச்சைத் தாண்டக் கூடாது. தரையில வயர் ஓடக் கூடாது. ஏற்கெனவே ஒருத்தர் தடுக்கி, சூப்பு முழுக்க விருந்தாளி மடியில" என்றார் மேலாளர்.

ஆக, சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்ப் பெட்டி வேண்டும். கிடாருக்கு ஒரு வழி, மைக்குக்கு ஒரு வழி. பேட்டரியில் ஓட வேண்டும். இருசக்கர வண்டியில் முன்னால் வைத்து எடுத்துப் போகும் கனம். பெரிய கடையில் காட்டியதெல்லாம் மேடைக்கு ஏற்றவை. மரக் கிடாரின் சத்தத்தைத் தகரத்தில் தட்டியது போல ஆக்கிவிட்டன. கடைசியில் ஒருவர் விற்கப்போவதாகப் போனில் படம் போட்டிருந்தார். பழுப்பு நிறத்தில், அரிசி டப்பா அளவில் ஒரு பெட்டி.

டவுட்டு அண்ணன் தன் கிடாரோடு போனார். விற்பவர் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. மாடிப்படிக்குக் கீழேயே நின்றார். இவர் முதலில் ஒன்றும் சொருகாமல் வால்யூமை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். இரைச்சல் இல்லை. குமிழ் ஒவ்வொன்றையும் திருகினார். கரகரப்பு இல்லை. அடிக்கம்பியை மீட்டினார். பெட்டி அதிரவில்லை. கிடார் கிடாராகவே கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் விக்கிறீங்க?"

"இப்ப வாசிக்கிறதில்ல."

"ரிப்பேர் பண்ணினதா?"

"இல்ல சார். எடுத்துட்டுப் போங்க."

பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். அதுதான் முதல் உறுத்தல். வண்டியைக் கிளப்பும்போது அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மாடி ஜன்னலில் ஒரு பெண். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கிடாரை மட்டும் சொருகினார். மைக் சொருகும் துளை காலி. வால்யூமை ஏற்ற ஏற்ற, ஊளை கிளம்பியது.

ஊளை எல்லா ஆம்பிலும் வரும். ஸ்பீக்கர் சத்தம் கிடாரின் வயிற்றுக்குள் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்கே போய், சுற்றிச் சுற்றி வளரும். அறைக்கு அறை அதன் சுருதி மாறும். அண்ணனுக்கு இது அத்துப்படி. அதனால் பெட்டியைச் சமையலறைக்குத் தூக்கிப் போனார்.

அதே சுருதி.

மாடிப்படியில் வைத்தார். மொட்டை மாடிக்கே கொண்டுபோனார். வெட்டவெளி. சுவரே இல்லை.

அதே சுருதி.

ஊளையை வெட்ட ஒரு குமிழ் உண்டு. திருகினார். சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் நகர்ந்துகொண்டது. குறுக்கே நிற்பவரைத் தள்ளினால் ஒதுங்கி நிற்பாரே, அப்படி. கிடாரின் வயிற்றைக் கையால் பொத்தினார். அப்போதும் நிற்கவில்லை. பிறகு தானாக நின்றது.

ஒரு நொடி அமைதி. உள்ளிழுக்கும் ஒரு சின்னச் சத்தம்...

மறுபடி அதே சுருதி.

ஊளை மூச்சு வாங்காது.

அவருக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பெட்டியில் புளூடூத் இருந்தது. பக்கத்து வீட்டில் எவனோ தன் போனிலிருந்து பாட்டு அனுப்பி விளையாடுகிறான் என்று முடிவு கட்டினார். பொத்தானை அமுக்கி நீல விளக்கை அணைத்தார். மேலே கருப்பு டேப் ஒட்டினார். டவுட்டு அல்லவா?

ஓட்டலில் முதல் மாலை. சின்னவள் மைக்கைப் பிடித்துப் பாடினாள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவள் குரலுக்குக் கீழே இன்னொரு குரல். தணிவாக, கொஞ்சம் கனத்து. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணா, உன் ஆம்ப் அமர்க்களம். என் குரலுக்கு அடியில தலையணை வச்ச மாதிரி இருக்கு."

அண்ணனின் சந்தேகம் இப்போது இவள் மேலேயே திரும்பிவிட்டது. தன் குரலையே பதிவு பண்ணி, திருட்டுத்தனமாக ஓட விடுகிறாளோ?

மறுநாள் பாடப் போகும் முன் கையை நீட்டினார்.

"போனைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

"என் மேலயேவா? பதிவு பண்ணின குரலாலதான் என் வேலை போச்சு. நான் போய் அதைச் செய்வேனா? நீ உன் நிழல்கிட்டயே அடையாள அட்டை கேப்பே!"

போனைத் தூக்கி அவர் சட்டைப் பையில் போட்டாள். அன்று அவர் இரண்டு போன்களையும் அணைத்துவிட்டுத்தான் வாசித்தார்.

குரல் வந்தது. முந்தைய நாளைவிடத் தெளிவாக.

காலையில் சின்னவளுக்குத் தொண்டை கம்மியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கம்மியது. வெந்நீர் குடித்தாள். பகலெல்லாம் பேசாமல் இருந்தாள். ஆனால் கூடத்தில் யாரும் குறை சொல்லவில்லை. இவள் குரல் இறங்கிய அளவு அந்தக் குரல் ஏறிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் மேலாளர் வந்து கை கொடுத்தார்.

"ரெண்டாவதா பாடற அம்மா எங்க உக்காந்திருக்காங்க? கூச்சப்படாம முன்னாடி வரச் சொல்லுங்க."

சின்னவள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"வேண்டாம். நாளைக்கு வேற ஆம்ப் வாங்கிக்கலாம்" என்றார் வழியில்.

"இன்னும் ஒரே நாள்தான்ணா. இப்பப் போய் மாத்தாதே. கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். அதுவும் சத்தமாக இல்லை. காற்றாக.

அவள் மகளின் முகத்தை நினைத்து அவர் ஒத்துக்கொண்டார். வாழ்க்கையில் சந்தேகத்தை ஒதுக்கி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசி மாலை. ஏழு மணி. கூடம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவது பாட்டின் நடுவில் சின்னவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

பாட்டு நிற்கவில்லை.

அவள் உதடுகள் மூடியிருந்தன. கண்கள் அண்ணனைப் பார்த்தன. பெட்டி பாடிக்கொண்டிருந்தது. முழுக் குரலில். அழகாக.

அவர் மைக் வயரை உருவினார்.

பாடியது.

கிடார் வயரை உருவினார்.

பாடியது.

சுவிட்சை அணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது...

பாடியது.

பெட்டியைக் கவிழ்த்து, பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரிகளைப் பிடுங்கினார். ஒரு சொல்லின் பாதியில் அறுந்தது.

அமைதி.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

வேலை உறுதியானது. சின்னவளால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. கும்பிட்டாள். மறுநாள் மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவளிடம் கிசுகிசுப்புகூட இல்லை.

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விற்றவர் வீட்டுக்குப் போனார். சட்டையைப் பிடிக்கிற ஆத்திரம். கதவைத் திறந்தது அந்த ஜன்னல் பெண். "எங்க உன் வீட்டுக்காரர்?" என்று இரைந்தார். அவள் உள்ளே கை காட்டினாள். தன் தொண்டையைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

ஆத்திரம் அப்படியே வற்றிவிட்டது.

விற்றவர் எழுந்து வந்தார்.

"இவளும் பாடுவா சார். திடீர்னு ஒருநாள் பேச்சு நின்னுபோச்சு. அன்னைக்கு இந்தப் பெட்டி தானாப் பாடிச்சு. பயந்துபோய்ப் பாட்டு நடுவுல பேட்டரியைக் கழட்டினேன். அதோட சரி. அப்புறம் அதைப் பாக்கவே பிடிக்கல. வித்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அப்போது அண்ணனின் போன் அடித்தது. வீட்டு எண். இரண்டு கையிலும் பெட்டி. அதை ஒரு கையால் இடுப்போடு அணைத்து, ஒரு விரலால் போனின் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அண்ணா! பேச்சு வந்துடுச்சுண்ணா! இப்பதான், தூங்கி எந்திரிச்சேன்... கேக்குதா? பேசறேன் பாரு!"

சின்னவளின் பேச்சுத்தான். அவள் அவசரம், அவள் சிரிப்பு. ஆனால் குரல் கனத்திருந்தது. தொண்டை கட்டியதால் அப்படி இருக்கும் என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகிழ்ச்சியில் கண் கலங்கியது. நிமிர்ந்தார்.

விற்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பொத்தியிருந்தாள். கண்ணீர் வழிந்தது. சத்தமே இல்லாமல்.

"இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க சார்" என்றார் விற்றவர்.

"ஏன்?"

"அது... இவ குரல்."

அண்ணன் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அதில் யாரும் பேட்டரி போடவில்லை. சின்னவளின் சொந்தக் குரல் அதற்குள் இருக்கிறதா, போட்டுக் கேட்டால் தெரியும். அவருக்குத் தைரியம் இல்லை. அவளிடம் சொல்லவும் தைரியம் இல்லை. அவளுக்கு வேலை இருக்கிறது. மகள் பள்ளிக்குப் போகிறாள். மகள்தான் கொஞ்ச நாள், இருட்டில் அம்மா கூப்பிட்டால் அருகே வர மறுத்தாளாம்.

ஓட்டல் வேறொரு ஆம்ப் வாங்கிக் கொடுத்தது. புத்தம் புதியது. ஊளைகூட வருவதில்லை.

விற்றவரும் அவர் மனைவியும் மாலையில் ஓட்டலுக்கு வருவது உண்டு. முன்வரிசை மேசை. அவள் ஒன்றும் சாப்பிட மாட்டாள். சின்னவள் பாடும்போது அந்தப் பெண்ணின் உதடுகளும் கூடவே அசையும். பழகிய பாட்டு, பாவம், மனசு கேட்கவில்லை என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

போன வாரம் ஒரு புதுப் பாட்டு. அன்று மதியம்தான் அண்ணன் தானே எழுதி, மெட்டுப் போட்டு, தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது. உலகத்தில் வேறு யாரும் கேட்டதில்லை.

வாசித்துக்கொண்டே முன்மேசையைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல் தப்பவில்லை.

சின்னவளோடு சேர்ந்து அல்ல...

ஒவ்வொரு சொல்லும், சின்னவள் பாடுவதற்குக் கொஞ்சம் முன்னால்.